அப்ரூவல் அண்ணன் இயற்றிய ஐந்து நாட்டுச் சட்டம்

இந்தியா, நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து ஒரே தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்த மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். சட்டம் பதினேழு நாள் அமலில் இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் போனதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். அந்த ஐந்து நாட்டு அரசாங்கங்களுக்கும்கூடத் தெரியாது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற வழியில், அருள்புரத்தில், எங்கள் பனியன் கம்பெனி காம்பவுண்டுக்குள் மட்டும்தான் அது செல்லுபடியானது.

அவர் பெயர் அப்ரூவல். ஆதார் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சாம்பிள் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு டிசைன் அனுப்பினால், முதலில் ஒரே ஒரு உருப்படி தைத்து அனுப்புவார்கள். பையர் பார்த்து ‘சரி’ என்ற பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைக்க ஆரம்பிப்பார்கள். அந்தச் ‘சரி’க்குப் பெயர்தான் அப்ரூவல். இருபது வருஷம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்ததில் மனிதருக்கு அதுவே பெயராகிவிட்டது.

கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். கம்பெனி கேன்டீனில் தோசை வந்தால் குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே ஒரு அளவு எடுப்பார். “டாலரன்ஸ் அரை இஞ்சுங்க. இது முக்கா இஞ்சு கோணலா இருக்குதுங்களே” என்று மாஸ்டரிடம் திருப்பிக் கொடுப்பார். டீ விஷயம் இன்னும் மோசம். சட்டைப் பையில் பழுப்பு நிறத் துண்டுத் துணி ஒன்று வைத்திருப்பார். டீ கிளாஸ் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால்தான் குடிப்பார். “ஷேடு லைட்டா போயிருச்சுங்க. இன்னொருக்கா சாயம் ஏத்திக் கொண்டாங்க.” டீ மாஸ்டர் வேலையை விட்டுப் போனதற்கு வேறு காரணம் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

நான் டாக்குமென்ட் செக்‌ஷன். ஏற்றுமதிக் காகிதம் தயாரிக்கிற வேலை. விருதுநகர் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஒன்பது வருஷம் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். அவர் வீட்டம்மா ஒருமுறை கம்பெனிக்கு வந்தபோது ஆற்றாமல் கேட்டேவிட்டேன், எப்படிக்கா சமாளிக்கிறீங்க என்று. “எங்க கண்ணாலத்தன்னைக்கு மணவறையில தாலிக்கயித்த அளந்தவருங்க அம்மிணி. அன்னிக்கே நாங் கேக்கறத உட்டுட்டனுங்க” என்றார்.

சட்டத்துக்கு வருகிறேன். எல்லாம் தில் பகதூரால் ஆரம்பித்தது. தில் பகதூர் நேபாளத்துப் பையன். பையன் என்றால் முப்பது வயசு, மீசை உண்டு. ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் எங்கள் கம்பெனியிலேயே நம்பர் ஒன் ஆள், தைத்தது திரும்பி வந்ததே கிடையாது. ஊரில் மலைமேல் ஒரு கிராமம். மனைவி மனமாயா அங்கே இருந்தாள், முழுகாமல். சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட முயற்சி செய்துகொண்டே இருப்பான். ஒரு நாள் கிடைக்கும், நாலு நாள் கிடைக்காது. கிடைத்தாலும் பாதியில் போய்விடும்.

அப்ரூவல் அண்ணன் இதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று பிசைவதை நிறுத்தினார்.

“ஏனுங்க அம்மிணி, நம்ம பனியன் எத்தன நாட்டுக்குப் போவுது?”

“பதினாலு நாட்டுக்குண்ணே.”

“காலர்ல ஒரே லேபிளுதானுங்களே? தண்ணித்தொட்டி படம் போட்டா பதினாலு நாட்டுக்காரனும் துவைக்கச் சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கறான். இஸ்திரிப்பெட்டி மேல குறுக்கக் கோடு போட்டா எவனும் தேய்க்கறதில்ல. ஒரு பனியனுக்கே இத்தன ஒத்துமை இருக்குதுங்க. செல்போனுக்கு மட்டும் பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரங்க ஏனுங்க ஆளுக்கொரு சட்டம் வெச்சிருக்கறாங்க?”

  “சோத்தைத் தின்னுங்கண்ணே, ஆறுது” என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த ஒரு மாதம் மனிதர் வேறு எதுவும் பேசவில்லை. ஐந்து நாட்டுத் தொலைத்தொடர்பு விதிகளையும் எங்கிருந்தோ பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். என் பிரிண்டரில்தான் எடுத்தார் என்பது பிறகு தெரிந்தது. எல்லாவற்றையும் கட்டிங் டேபிளில் பரப்பி, சட்டைக்கு மெஷர்மென்ட் சார்ட் போடுவது மாதிரி ஒரு சார்ட் போட்டார். மேலே வரிசையாக ஐந்து நாடு. பக்கவாட்டில், நெஞ்சளவு, கை நீளம் என்று எழுதுகிற இடத்தில், சிம் வாங்க என்ன காகிதம் வேண்டும், பக்கத்து நாட்டுக்குப் போனால் அதே சிம் பேசுமா, வெளியில் வாங்கிய போனை உள்ளே கொண்டுவந்தால் பதிவு செய்ய வேண்டுமா, நம்முடைய விவரங்களை எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் வைப்பார்கள், புகார் செய்தால் யார் கேட்பார்கள்.

கேலி செய்யத்தான் போனேன். போய் நின்றவள் முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஒரு நாட்டில் கைரேகை வைத்தால்தான் சிம். இன்னொன்றில் அடையாள அட்டை போதும். ஒரு நாட்டில் போன் எங்கே வாங்கினாலும் கவலையில்லை. இன்னொன்றில் வெளியில் வாங்கிய போனைப் பதிவு செய்யாவிட்டால் கொஞ்ச நாளில் நெட்வொர்க் அதை ஊமையாக்கிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற டவர் அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்காரர் அதில் பேசினால் வெளிநாட்டு அழைப்பு. “பாருங்க அம்மிணி, நெஞ்சளவு அஞ்சு பேருக்கும் ஒண்ணுதானுங்க. கைதான் ஆளுக்கொரு நீளம். வெட்டித் தெச்சா சேர்ந்துரும்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கும் சேர்ந்துவிடும் என்றுதான் தோன்றியது.

சட்டம் பன்னிரண்டு ஷரத்துகளோடு தயாரானது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ், அதாவது எவ்வளவு தவறினால் பொறுக்கலாம் என்ற கணக்கு. ‘கலவர காலத்தில் இணையத்தை நிறுத்துவதானால் மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், டாலரன்ஸ் இரண்டு மணி நேரம்.’ ‘புகாருக்கு மூன்று நாளில் பதில், டாலரன்ஸ் இல்லை.’ ஏழாவது ஷரத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்: ‘ஐந்து நாடுகளில் ஏதாவது ஒன்றில் முறையாக வாங்கிய போன், மற்ற நாலு நாட்டிலும் பதிவில்லாமல் பேசும்.’

இதை ஐந்து நாட்டு அமைச்சர்களுக்கும் கூரியரில் அனுப்பினார். சும்மா அனுப்பினாரா? எங்கள் தொழிலில் காகிதம் மட்டும் அனுப்புகிற வழக்கம் கிடையாது. ஒவ்வொரு கவரிலும் ஒரு டி-ஷர்ட்டும் வைத்தார். அமைச்சர்களின் அளவு தெரியாததால் எல்லோருக்கும் மீடியம். கழுத்தில் ஒரு அட்டை: ‘அப்ரூவல் சாம்பிள். தயவுசெய்து கமென்ட்ஸ் அனுப்பவும்.’ கவரிங் லெட்டர் நான் எழுதினேன். எழுத மாட்டேன் என்று அரை நாள் சண்டை போட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

கூரியர்க்காரர் கவரைத் தூக்கிப் பார்த்தார். “உள்ள என்னங்க?”

“சட்டமுங்க.”

“டாக்குமென்டா, நான்-டாக்குமென்டா?”

“சட்டம் டாக்குமென்டுதானுங்களே?”

“மெத்துன்னு இருக்குதுங்களே?”

“பனியனும் வெச்சிருக்குதுங்க.”

“அப்ப நான்-டாக்குமென்டு.” ஐந்து நாட்டுச் சட்டம் காட்டன் பனியன் என்ற பெயரில் எல்லை தாண்டியது.

இப்போது இந்தக் கதையின் மிகப்பெரிய தப்பு வருகிறது. இதைத் திருப்பூர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க முடியாது. எங்கள் கம்பெனியில் சின்ன பையர்களோடு ஒரு ஏற்பாடு உண்டு. சாம்பிள் போய்ச் சேர்ந்து பதினைந்து நாளுக்குள் கமென்ட்ஸ் வராவிட்டால், அப்ரூவ்டு என்று எடுத்துக்கொண்டு மொத்தச் சரக்கையும், அதாவது பல்க், தைக்க ஆரம்பித்துவிடலாம். பதிலுக்காகக் காத்திருந்தால் கப்பல் போய்விடும் அல்லவா?

பதினாறாம் நாள் காலையில் கம்பெனிக்குள் நுழைகிறேன், நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம். ‘ஐந்து நாட்டு அரசுகளிடமிருந்தும் கமென்ட்ஸ் எதுவும் வரவில்லை. ஆகவே பொதுத் தொலைத்தொடர்புச் சட்டம் அப்ரூவ்டு. இன்று முதல் பல்க்.’ கீழே கையெழுத்து, சாம்பிள் செக்‌ஷன் முத்திரை.

“என்னண்ணே இது, கூத்தா இருக்கு! அவங்க பனியனைப் பிரிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க!”

“அது அவங்க சோலிங்க. டெலிவரி ஆயிருச்சு, ரசீது வந்திருச்சு, கமென்ட்ஸ் வரல. இருவது வருஷமா இப்படித்தானுங்க பண்ணிட்டு இருக்கறோம். ஒரு கன்டெய்னராவது திரும்பி வந்திருக்குதுங்களா?”

வரவில்லைதான். 

சட்டம் மும்முரமாக அமலுக்கு வந்தது. கட்டிங் செக்‌ஷன் வைஃபையை ஸ்டிச்சிங் செக்‌ஷன்காரர்களும் பயன்படுத்தலாம், ரோமிங் இலவசம். சார்ஜர் பாயின்ட்டில் ஒடிசாக்காரர், பீகார்க்காரர், உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் சம நேரம். அதற்குப் பக்கத்தில் தொங்கிய புகார்ப் பெட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை அவரே திறந்து, அவரே படித்து, அவரே பதில் எழுதிப் போட்டார். முதலாளி வந்து நோட்டீஸைப் படித்தார். எட்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றுவிட்டு மிஷின் வாங்கியவர், எதற்கும் பதறாத மனிதர். “ஏனப்பா அப்ரூவலு, நம்ம கம்பெனி எந்த நாட்டுல இருக்குது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். சார்ஜர் சண்டை நின்றுபோயிருந்ததால் நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் தில் பகதூர் மனைவிக்காகப் புதுப் போன் ஒன்று வாங்கினான். வீரபாண்டியில் ஒரு கடையில் வாங்கி, துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். அவன் சித்தப்பா மகன் அடுத்த நாள் ஊருக்குப் போகிறான், அவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

“அண்ணா, ரூம்ல எல்லாரும் சொல்றாங்க. எங்க நாட்டுல இந்தப் போன் ரிஜிஸ்டர் வேணும். இல்லன்னா கட். நெஜமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்ரூவல் அண்ணன் ஏழாவது ஷரத்தைத் தொட்டுக் காட்டினார். “அதெல்லாம் பழைய சட்டம் கண்ணு. இப்ப அப்ரூவ்டு ஆயிருச்சு. தைரியமா அனுப்பு.”

அவன் என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் விளையாட்டுக்குச் சொல்கிறார், அவனுக்கும் அது தெரியும் என்று நினைத்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

போன் ஐந்தாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தது. அம்சமாகப் பேசியது. தில் பகதூர் மனைவியின் முகத்தைப் படமாகவே பார்த்தான். மேடிட்ட வயிற்றையும் பார்த்தான். செக்‌ஷன் முழுக்க எல்லோரிடமும் காட்டினான். மனமாயா தன் பழைய போனைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். தங்கை வாழ்க்கைப்பட்டது வேறு ஊர். மனமாயா வீட்டு அக்கம்பக்கத்தில் வேறு போன் கிடையாது. போனைக் கொண்டுபோய்க் கொடுத்த சித்தப்பா மகன் அப்படியே வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சட்டம் அமலுக்கு வந்த பதினேழாம் நாள், செக்கிங் டேபிளில் ஒரு உருப்படி வந்தது. கை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் தைத்திருந்தது. அப்ரூவல் அண்ணன் நம்பர் பார்த்தார். தில் பகதூர் தைத்தது. டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அவன் மிஷினுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“என்ன கண்ணு ஆச்சு?”

“போன் செத்துப் போச்சு அண்ணா. நாலு நாளா பேச்சு இல்ல. டாக்டர் சொன்ன தேதிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. அவ எப்படி இருக்கா, எனக்குத் தெரியாது.” அவன் கோபப்படவில்லை. “உங்க சட்டம் அங்க வரலையா அண்ணா?” என்று கேட்டான், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன் போல. அந்தக் கேள்விக்குப் பதிலாக அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்ரூவல் அண்ணன் நோட்டீஸ் போர்டுக்குப் போனார். துணியில் ஓட்டை, கறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் ஒன்றை எடுத்து ஏழாவது ஷரத்தின் மேல் ஒட்டினார். இன்னொன்றை எடுத்துத் தன் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டார்.

“அண்ணே, எடுங்கண்ணே. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“இருக்கட்டுமுங்க அம்மிணி. டிபெக்ட் எங்க இருக்குதோ அங்கதானுங்க ஒட்டோணும்.”

அந்த ஸ்டிக்கரோடுதான் முதலாளி அறைக்குப் போனார். தில் பகதூருக்கு உடனே லீவு வேண்டும் என்றார். ஷிப்மென்ட் நேரம், ஓவர்லாக் மிஷின் நிற்க முடியாது என்றார் முதலாளி. “மிஷின் நிக்காதுங்க. மதியம் வரைக்கும் சாம்பிள் பாக்கறனுங்க. மதியத்துக்கு மேல அவன் மிஷின்ல நான் உக்காந்துக்கறனுங்க.” முதலாளி அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த அம்பைப் பார்த்தார். “அதென்னப்பா செவப்பா?” என்று கேட்டார். அண்ணன் முழுதும் சொன்னார். லீவு கிடைத்துவிட்டது.

காகித வேலை என் பொறுப்பு. போனைக் கொண்டுவந்த ஆள் எங்கே, வாங்கிய ரசீது எங்கே, ரசீதில் போனின் பதினைந்து இலக்க எண் எங்கே என்று அந்த நாட்டுப் பதிவுப் படிவம் கேட்டது. கடைக்காரர் கொடுத்த ரசீதில் எண்ணே இல்லை. அப்ரூவல் அண்ணன் வீரபாண்டிக்குப் போய், ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்து, புது ரசீது எழுதி வாங்கி வந்தார். நான் என் புத்தியைக் காட்டினேன்: ஒரே ஒரு போனுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், நெட் வெயிட், கிராஸ் வெயிட், ஐந்து பிரதி. கன்டெய்னருக்குப் போடுகிற அதே ஃபைல். தில் பகதூர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினான்.

அப்ரூவல் அண்ணன் ஓவர்லாக்கில் உட்கார்ந்தார். தில் பகதூர் நூறு தைக்கிற நேரத்தில் இவர் இருபது தைத்தார். அதிலும் ஒவ்வொன்றையும் எடுத்து அளந்து பார்த்தார். லைன் சூப்பர்வைசர் என்னிடம் வந்து அழாத குறை. “அக்கா, நீங்களாவது சொல்லுங்க. இந்த வேகத்துல போனா கப்பலுக்கே வயசாயிரும்.” நான் சொல்லவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்தது பனியனே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் தில் பகதூர் அங்கே ஏதோ ஒரு டவுனிலிருந்து யாருடைய போனிலோ பேசினான். ஃபைலைக் கொடுத்துவிட்டானாம். அதிகாரி பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்து இரண்டு நிமிடம் சிரித்தாராம், பிறகு வாங்கிக்கொண்டாராம். திறக்கச் சில நாளாகும், மலைக்குப் போகிறேன், மனமாயா போன் திறந்ததும் அதிலிருந்தே பேசுகிறேன் என்றான். அதோடு சரி.

பிறகு பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. அப்ரூவல் அண்ணன் தோசையை அளக்காமல் தின்றார். டீ என்ன நிறத்தில் வந்தாலும் குடித்தார். எனக்குப் பயமாகிவிட்டது. வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். “ஆமாங்க அம்மிணி, நீங்க சொல்றது செரிதானுங்க” என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததே கிடையாது.

அதற்கடுத்த நாள் மதியம், அவர் மிஷினில் இருக்கும்போது போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார். நேபாளத்து எண். மிஷினை நிறுத்தினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பக்கத்து மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

“எடுங்கண்ணே!”

“நீங்க எடுங்க அம்மிணி. என்னால கேக்க முடியாதுங்க.” போனை என் கையில் திணித்தார்.

நான் எடுத்தேன். முதலில் இரைச்சல். பிறகு பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்னால் தில் பகதூர் சிரிக்கிற சத்தம். “அக்கா, மனமாயா போன் இது! காலைல தொறந்துருச்சு! பொண்ணு பொறந்து ரெண்டு நாள் ஆச்சு. சீக்கிரமே வந்துட்டா. அம்மாவும் பொண்ணும் சௌக்கியம்!”

போனை அவர் காதில் வைத்தேன். “அண்ணா, பேசுங்க அண்ணா” என்று அவன் கத்துவது எங்களுக்கே கேட்டது. குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

“நீ பேசு கண்ணு. போனைக் கொழந்தை பக்கத்துலயே வெய்யி. நாங் கேட்டுட்டு இருக்கறேன்” என்றார்.

சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவே இல்லை. பிறகு திருத்திய சட்டம் எழுதினார், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், அதெல்லாம் இருக்கட்டும். ஒன்பது வருஷம் நான் வாயாடியே தீர்த்த மனிதர். அன்றைக்கு அந்த மிஷின் பக்கத்தில் நின்றபோது அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செக்‌ஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன்.